மகளின் முதல் கார் பழைய ஸ்போர்ட்ஸ் காராக இருக்கலாமா?

வாசகர் கேள்விக்குப் பதில் அளிப்பவர்: பழைய கார்களைப் பரிசோதித்து மதிப்பிடும் வாகனப் பொறியாளர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நீண்ட கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டு, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும்படி அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

உங்கள் மகளுக்கு வயது 18. ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து சில வாரங்களே ஆகின்றன. சிறு வயதிலிருந்தே கார்கள் என்றால் அவருக்கு உயிர். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை முதல் காருக்கென்றே வைத்திருக்கிறார். குறைவதை நீங்கள் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் பட்டியலில் இருப்பவை மூன்று: 1990களில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, சுமார் பதினைந்து ஆண்டுப் பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8, எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி தரும் டர்போவையும் சஸ்பென்ஷனையும் முந்தைய உரிமையாளர் மாற்றியமைத்த சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். எம்எக்ஸ்-5 காரில் இருவர்தான் உட்கார முடியும் என்பதால் நண்பர் கூட்டம் ஏறாது, அதுவே பாதுகாப்பு என்கிறார் உங்கள் தம்பி. வழுக்குச் சாலையில் ஓட்டக் கற்றுத்தரும் சிறப்புப் பயிற்சியில் சேர்ந்துவிட்டால் போதும் என்கிறார் மகள். உங்களுக்கோ இவற்றில் எதிலும் மனம் ஒப்பவில்லை. இடித்துக்கொண்டாலும் நஷ்டம் பெரிதாக இருக்காது என்று, கிடைப்பதிலேயே சின்னதும் பழையதுமான ஒரு காரை வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். எதை வாங்கினாலும் பிரீமியத்தைக் குறைக்க, காப்பீட்டில் முதன்மை ஓட்டுநராக உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவும் எண்ணியிருக்கிறீர்கள். "முடியாது என்று சொன்னால் எங்கள் இருவருக்கும் இடையில் நிரந்தரமாக ஒரு மனக்கசப்பு வந்துவிடுமோ" என்ற உங்கள் கடைசி வரி, கடிதம் முழுவதிலும் இருக்கும் கவலையைச் சொல்லிவிடுகிறது.

கேட்ட கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறேன். அந்த மூன்று கார்களில் எதையும் இந்த ஆண்டு வாங்க வேண்டாம். நீங்கள் நினைத்திருக்கும் சின்னஞ்சிறு பழைய காரும் வேண்டாம். அதே சமயம், மகளின் ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எஞ்சினையும் கியரையும் சஸ்பென்ஷனையும் தானாகப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கிற ஒருவர், ஆயில் அளவைப் பார்ப்பதிலும் டயரைக் கவனிப்பதிலும் மற்றவர்களைவிட அக்கறையாக இருப்பார். அவருடைய ரசனையில் குறையொன்றும் இல்லை; அந்த மூன்றையும் எனக்கும் பிடிக்கும். உரிமம் பெற்ற முதல் ஆண்டில் அவற்றை ஓட்டுவதுதான் எனக்குச் சம்மதமில்லாத விஷயம். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்குச் சாலை விபத்தே முதல் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புதிதாக ஓட்டுபவர்களுக்கு அந்த ஆபத்து மிக அதிகமாக இருப்பது உரிமம் வாங்கிய முதல் சில மாதங்களில்.

மிரண்ட கால் என்ன செய்யும்?

இளையவர்களின் விபத்துக்குக் காரணம் கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது வேகம். உண்மைதான். காய்ந்த நல்ல சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 18 மீட்டரில் நிற்கும் கார், 100 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்குக் கிட்டத்தட்ட 50 மீட்டர் எடுத்துக்கொள்ளும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடிவிடும் தூரம் தனி. ஆனால் குதிரைத்திறனை மட்டும் பார்த்து, "இது சக்தி குறைந்த வண்டி, ஆகவே ஆபத்தில்லை" என்று முடிவுகட்டினால், புதிய ஓட்டுநருக்கு மிக முக்கியமான ஒன்றைக் கோட்டைவிட்டு விடுகிறோம்.

மழையில் நனைந்த சாலையில் ஒரு வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்ததைவிட அது கூர்மையான வளைவு என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிகிறது. அந்த நொடியில் அனுபவமில்லாதவரின் கால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடும். பெரும்பாலும் பிரேக்கையும் அழுத்தும். வண்டியின் பாரம் முன்சக்கரங்களின் மேல் சாய, பின்சக்கரங்கள் லேசாகிப் பிடியை இழக்கின்றன. எடை குறைந்த, பின்சக்கர இயக்கம் கொண்ட (எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும்) பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இப்போது வண்டியின் பின்பக்கம் வெளியே வீசப்படும். அதைச் சமாளிக்க, பின்பக்கம் எந்தத் திசையில் வழுக்குகிறதோ அந்தத் திசைக்கே ஸ்டீயரிங்கை அளவாகத் திருப்பவேண்டும். பிடி திரும்பக் கிடைத்த மாத்திரத்தில் நேராக்கவும் வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வண்டி மறுபக்கமாகச் சுழன்றுவிடும். இத்தனைக்கும் சேர்த்து ஒரு நொடி கிடைத்தால் அதிகம். சாதாரணமான முன்சக்கர இயக்கக் காரில் அதே தவறு நேர்ந்தால், பெரும்பாலும் முன்பக்கம்தான் வளைவைவிட்டு வெளியே இழுத்துக்கொண்டு போகும். அங்கே பயந்துபோய் ஆக்சிலேட்டரை விடுவதே வண்டியைத் தன் பாதைக்குத் திருப்பிவிடுகிறது.

முதல் காருக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: மிரண்டுபோன கால் தன்னிச்சையாகச் செய்யும் காரியமே சரியான காரியமாக அமைகிற வண்டியா? பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பலவும் இந்தக் கேள்வியில் தோற்றுவிடும். அவை மோசமாகச் செய்யப்பட்டவை என்பதால் இல்லை. ஓட்டத் தெரிந்தவரின் கைக்கு உடனே பணியவேண்டும் என்று செய்யப்பட்டவை என்பதால்.

மனிதக் காலின் இந்தப் பதற்றத்தைப் பெருமளவு ஈடுகட்டுவது எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாக ஈ.எஸ்.சி. ஸ்டீயரிங் காட்டும் திசைக்கும் வண்டி உண்மையில் போகும் திசைக்கும் வேறுபாடு தோன்றியதும், அது தேவையான ஒரு சக்கரத்தில் மட்டும் தானாகப் பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்தும். எந்த மனிதராலும் நான்கு சக்கரங்களுக்குத் தனித்தனியாகப் பிரேக் பிடிக்க முடியாது. வேறு வண்டியின் தொடர்பில்லாமல் கார் தானே தடம்புரண்டு உயிரைப் பறிக்கும் விபத்துகளை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவில் 2012 மாடல் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். ஆகவே மகள் பார்க்கும் எந்தக் காரிலும் முதல் கேள்வி, ஈ.எஸ்.சி. இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதாகவே இருக்கட்டும். பழைய காரில் வண்டியின் ஆண்டை மட்டும் நம்பாமல், அந்தக் குறிப்பிட்ட வண்டியிலேயே பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பயிற்சியைப் பற்றி மகள் சொல்வதையும் இங்கே பேசிவிடவேண்டும். பயிற்சி பெறுவது நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் வழுக்குச் சாலைப் பயிற்சியைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கிய நார்வேயில், 1980களில் விளைவுகளை ஆராய்ந்தபோது, இளம் ஆண்களிடம் வழுக்குச் சாலை விபத்துகள் குறையாமல், கூடியிருப்பதாகவே தெரியவந்தது. திறமை கூடியதைவிடத் தன்னம்பிக்கை அதிகமாகக் கூடிவிட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். மகள் அந்தப் பயிற்சிக்குப் போகட்டும். வண்டி எவ்வளவு சீக்கிரம் கைமீறும் என்பதைப் பாதுகாப்பான இடத்தில் உணர்வது நல்லது. அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது என்றால், அதை ஒரு காரணமாக ஏற்காதீர்கள்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2005ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள், கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைத் தனியாகவும் நண்பர்கள் பார்க்கும்போதும் ஆடவைத்து ஒப்பிட்டார்கள். நண்பர்கள் முன்னால் ஆடும்போது பதின்வயதினரும் 18 முதல் 22 வயதுவரை உள்ளவர்களும் கூடுதலாக அபாயத்தைத் தேடிப் போனார்கள்; அவர்களைவிட மூத்தவர்களிடம் அந்த மாற்றம் மிகக் குறைவு. எனவே உடன் வருபவர்களைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணம் சரி. ஆனால் அதற்கு இரண்டு இருக்கை போதாது, ஒரே ஒரு நண்பர் பக்கத்தில் இருந்தாலும் பார்ப்பதற்கு ஒருவர் இருக்கிறார். முதல் ஆறு மாதம் நண்பர்களை ஏற்றுவதில்லை, இரவு நேரத்தில் தனியாக ஓட்டுவதில்லை என்ற உடன்பாடுதான் அந்த வேலையைச் செய்யும். 1987ல் நியூசிலாந்து நாடு முழுவதும் கொண்டுவந்த படிப்படியான உரிம முறையின் அடிப்படையே இந்த இரண்டு கட்டுப்பாடுகள்தான். பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. உங்கள் ஊர்ச் சட்டம் கேட்காவிட்டாலும் உங்கள் வீட்டில் நீங்கள் கேட்கலாம்.

பட்டியலில் உள்ள கார்கள்

எம்எக்ஸ்-5 மூன்றிலும் நேர்மையான கார். 1989ல் வந்த அதன் முதல் தலைமுறை, ஏறக்குறைய ஒரு டன் எடையும் சுமார் 115 குதிரைத்திறனும் கொண்டது; சக்தியைப் பார்த்தால் பயமுறுத்தாது. ஆனால் ஈ.எஸ்.சி. கிடையாது, பக்கவாட்டு ஏர்பேக் கிடையாது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கூட எல்லா வண்டிகளிலும் இருக்காது. தலைக்குமேல் துணிக்கூரைதான். அந்த வயதுள்ள வண்டிகளில் கதவுக்குக் கீழே ஓடும் தகடு, பின்சக்கரத்துக்கு முன்னால் துருப்பிடித்திருக்கும். கூரையின் வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே தேங்குவதே காரணம். மேலே அழகாகப் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். பக்கவாட்டில் மோதினால் தாங்கவேண்டிய பாகங்களில் அதுவும் ஒன்று என்பதால் இதை அழகுக் குறையாக எண்ணிவிடக்கூடாது.

ஆர்எக்ஸ்-8 பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: மாணவர் ஒருவரின் கைப்பணத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய வண்டி அது இல்லை. அதிலுள்ள ரோட்டரி எஞ்சின் (மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் பாகம் கொண்டது) தன் உள்பாகங்களுக்கு மசகிடுவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை எரிக்கும்படியே வடிவமைக்கப்பட்டது. அடிக்கடி ஆயில் அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சூடு ஏறுமுன் அணைத்தால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கலாம். எஞ்சினின் நிலையை அறிய அதற்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷன் சோதனை, அதாவது எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் சோதனை, செய்யவேண்டும். சாதாரணக் கருவி காட்டும் அளவு முழு உண்மையைச் சொல்லாது. சந்தையில் அது மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இவையே.

டபிள்யூஆர்எக்ஸ் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. டர்போவை மாற்றி, எஞ்சின் கணினியின் அமைப்பைத் திருத்தி, சஸ்பென்ஷனைத் தாழ்த்திய ஒரு காரை, அதைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று தெரியாமல் யாரும் வாங்கக்கூடாது. விற்பவர் "இவ்வளவு செலவு செய்திருக்கிறேன்" என்று சொல்வதை மகள் கூடுதல் மதிப்பாக எடுத்துக்கொள்கிறார். நான் அதைக் கூடுதல் தேய்மானமாக எடுத்துக்கொள்வேன். எஞ்சின் எவ்வளவு விரட்டப்பட்டிருக்கும் என்பதற்கு அந்தச் செலவுப் பட்டியலே சாட்சி.

இனி உங்கள் யோசனை. சின்ன கார் மெதுவாகப் போகும், ஆகவே பாதுகாப்பு என்பது பரவலான எண்ணம். இரண்டு வண்டிகள் மோதும்போது எடை குறைந்த வண்டியின் வேகம்தான் அதிகமாக மாறும். உள்ளே இருப்பவர்களின் உடல் அந்த மாற்றத்தைத் தாங்கவேண்டியிருக்கும். அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற காப்பீட்டுத் துறைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழும் சேர்ந்து, பதின்வயதினருக்கு ஏற்ற பழைய கார்களின் பட்டியலை வெளியிடுகின்றன. அதில் எடைக்கு மிஞ்சிய சக்தியுள்ள கார்களுக்கும் இடமில்லை, ஏறத்தாழ 1,250 கிலோவுக்குக் குறைந்த சிறு கார்களுக்கும் இடமில்லை. நீங்களும் மகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதாக நினைக்கிறீர்கள். அந்த அளவுகோலில் இருவரின் தேர்வும் தள்ளப்படுகிறது. மகள் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கார் இடிபடும் என்பதால், "இடித்தாலும் நஷ்டமில்லை" என்ற கணக்கு காரின் விலைக்கு மட்டுமே பொருந்தும்.

அப்படியானால் எதை வாங்குவது? நடுத்தர அளவில், முன்சக்கர இயக்கத்தில், ஈ.எஸ்.சி.யும் பக்கவாட்டு ஏர்பேக்கும் உள்ள, கம்பெனியிலிருந்து வந்தபடியே மாற்றாமல் வைத்திருக்கும் மேனுவல் கியர் கார். மாஸ்டா 3, ஹோண்டா சிவிக் போன்றவற்றின் சாதாரண எஞ்சின் மாடல்கள் ஓட்டுவதற்கு உயிரோட்டமானவை. கியரும் கிளட்சும் ஸ்டீயரிங்கும் கற்றுத்தருகிற எதையும் மகள் அங்கே இழக்கமாட்டார். இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுவே கூடுதலாகப் பிடித்திருக்கிறது. அவர் ஓட்டிப் பழகிய உங்கள் வீட்டுச் செடானையே இன்னும் ஓராண்டு ஓட்டட்டும். சேர்த்த பணம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். மழையும் இரவும் நெடுஞ்சாலையும் பார்த்து ஓராண்டு விபத்தில்லாமல் முடிந்தால், 2012ல் வந்த டொயோட்டா 86 அல்லது அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் காரை மாற்றங்கள் செய்யப்படாத நிலையில் தேடலாம். சுமார் 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், கூடவே ஈ.எஸ்.சி. உள்ள உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் அது. தொடக்க ஆண்டு வண்டிகளில் எஞ்சின் வால்வு ஸ்பிரிங்கை மாற்றித்தரக் கம்பெனி திரும்ப அழைத்தது. அந்த வேலை நடந்ததா, யார் செய்தார்கள் என்பதற்கு ஆவணம் கேட்கவேண்டும். இந்த இரண்டாவது வழியை மகளிடம் சொல்லும்போது தேதியையும் நிபந்தனைகளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று சொல்வதுதான் மனக்கசப்பை வளர்க்கும். தேதி குறித்த வாக்கை 18 வயதுக்காரர் மதிப்பார்.

பெயரும் காப்பீடும்

தினமும் ஓட்டப்போவது மகள் என்று தெரிந்தே முதன்மை ஓட்டுநராக உங்கள் பெயரைத் தருவது, எந்த நாட்டில் செய்தாலும் காப்பீட்டு நிறுவனத்திடம் உண்மையை மறைப்பதாகும். பிரிட்டனில் இதை மோசடி என்றே வகைப்படுத்துகிறார்கள். விபத்துக்குப் பிறகு வண்டி யார் கையில் இருந்தது, எங்கே நிறுத்தப்பட்டது, யார் வேலைக்குப் போக ஓட்டினார்கள் என்று விசாரிக்கும்போது இது எளிதில் வெளிவந்துவிடும். அப்போது இழப்பீடு மறுக்கப்படலாம். எதிர்த்தரப்பின் மருத்துவச் செலவு உங்கள் தலையில் விழலாம். வண்டி உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், உரிமையாளர் என்ற முறையில் பல நாடுகளின் சட்டம் உங்களையும் பொறுப்பாக்கும் என்பதால், பதிவு யார் பெயரில் என்பதை உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். மாற்றியமைத்த பாகங்களைச் சொல்லாமல் விட்டாலும் இதே ஆபத்து உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, மகளை முதன்மை ஓட்டுநராகச் சொல்லி அந்தக் குறிப்பிட்ட காருக்கான பிரீமியத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பல குடும்பங்களில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை அந்தக் காகிதத்தைப் பார்த்ததுமே தானாகத் தள்ளிப்போய்விடுகிறது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

எந்தக் காரானாலும் சோதிக்கும் வேலையை மகளிடமே கொடுங்கள். அவருக்கு அது பிடிக்கும், நன்றாகவும் செய்வார். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் போகவேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் மட்டும் கேட்கும் ஓசைகளும் தெரியும் புகையும் மறைந்துவிடும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கவேண்டும். அடியில் தைத்திருக்கும் சீட்டிலுள்ள தேதி வண்டியின் ஆண்டோடு பொருந்தாவிட்டால், பெல்ட் ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பானெட்டைத் திறந்து, மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள்; அங்கே பெயிண்ட் உரிந்து ஸ்பேனரின் தடம் இருந்தால், அந்தப் பாகம் ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். டிங்கரிங் வேலையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் இந்த இடத்தைப் பலர் மறந்துவிடுவார்கள்.

டயரின் பக்கத்தில், டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வாரக் கடைசியில் மட்டும் எடுக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் பட்டை தேயாமலே ரப்பர் கிழடாகியிருக்கும். பார்வைக்குப் புதிதாகத் தெரியும், ஈரச் சாலையில் பிடிக்காது. ஆறு ஆண்டைத் தாண்டிய டயரை மாற்றும் செலவையும் விலைபேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்திப் பிழைக் குறிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதாது. காரின் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்பதையும் அது காட்டும்; எல்லாமே "முடியவில்லை" என்றிருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் யாரோ குறிகளை அழித்திருக்க வாய்ப்பு அதிகம்.

வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொண்டு, கம்பெனியின் திரும்ப அழைப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்றும் பார்த்துவிடுங்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் பல ஆண்டுகள் இருந்தால் வெடிபொருள் கெட்டு, உலோகச் சிதறல்களை முகத்தில் வீசக்கூடிய, டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கார்களிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மாற்றப்படாத வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதை மாற்றித்தர வண்டிக் கம்பெனிகள் கட்டணம் வாங்குவதில்லை.

கடைசியாக, விற்பவருக்கு அறிமுகமில்லாத மெக்கானிக் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கவேண்டும். "இன்னொருவர் பணத்தோடு காத்திருக்கிறார், அதற்கெல்லாம் நேரமில்லை" என்று விற்பவர் சொன்னால், வண்டியை அந்த இன்னொருவருக்கே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.